சுண்டுவிரல் இடைவெளி

ஜூன் 4

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். இந்தக் கையெழுத்து உங்களுக்குப் பழக்கமில்லை. நான் உங்கள் இளைய மகனின் மனைவி. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. அதன்பிறகு நாங்களும் அங்கே வரவில்லை. உங்களை என்ன முறை சொல்லி அழைப்பது என்று முதல் வரியிலேயே தடுமாறி, கடைசியில் 'ஐயா' என்று போட்டுவிட்டேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டறை எண்ணுக்குப் போன் செய்து பார்த்தேன். நான் விஷயத்தைச் சொன்னதும், "எங்க வலி? யாருக்கு வலி? இது ஆஸ்பத்திரி இல்லம்மா" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி செய்தேன், மறுபடியும் அதே பதில். கோபத்தில் சொன்னீர்களா, நிஜமாகவே காதில் விழவில்லையா என்று புரியவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். வீட்டில் இரண்டு எலிகள் இருக்கின்றன. கடையில் வாங்கியது எதுவும் சரிப்பட்டு வரவில்லை. நீங்கள் ஜன்னல் கிரில், கேட் எல்லாம் செய்கிறவர் என்று அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். உறுதியாக ஒரு எலிக்கூண்டு செய்து அனுப்ப முடியுமா?

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பதிலை நான் வேலை செய்யும், பல்செட் கட்டுகிற கூடத்தின் முகவரிக்கே அனுப்புங்கள். அவர் நலம்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மனைவி


ஜூன் 11

கடிதம் கிடைத்தது. எனக்குக் கை முழுக்கக் கரி. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள். (உன் அத்தை எழுதுகிறாள் என்று போடுங்கள் என்றேன். முறைக்கிறார்.)

ஆயுசு முழுக்கக் கிரைண்டர் சத்தம் கேட்ட காது இது. போனில் நீ எலி என்றால் எனக்கு வலி என்றுதான் விழும். காது வேறு, கோபம் வேறு. இரண்டும் எனக்கு உண்டு.

இரண்டே இரண்டு எலிக்கு யாராவது ஆர்டர் கொடுத்துக் கூண்டு செய்வார்களா? இத்துடன் கடைக் கூண்டே ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஸ்பிரிங் மட்டும் மாற்றியிருக்கிறேன். வாய் பட்டென்று விழும், விரலை வைத்துவிடாதே. உள்ளே இருக்கிற கொக்கியில் ரொட்டித் துண்டை மாட்டு. நெருப்பில் வாட்டிய ரொட்டி என்றால் வாசனைக்கு ஓடி வரும். விழுந்ததும் கூண்டோடு தூக்கி வாளித் தண்ணீரில் முக்கிவிடு. பாவம் பார்த்தால் ஒன்று ஒன்பதாகும்.

நாள் முழுக்க எலிகளுக்கு நடுவில் உத்தியோகம் பார்க்கிற துரைக்கு, வீட்டில் ரெண்டு எலியைப் பிடிக்கத் துப்பில்லையா என்று கேள். வேண்டாம், கேட்காதே. நீ எழுதியது தெரிந்துவிடும்.

(அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? இது நான் கேட்பது. அத்தை.)


ஜூன் 18

மாமாவுக்கு,

அத்தை எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இனி இப்படியே எழுதுகிறேன்.

பார்சலை வேலை செய்யும் இடத்தில்தான் பிரித்தேன். பல்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரி, "மாமனார் வீட்டுப் பரிசு ஜோரா இருக்கே" என்று சிரித்தாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. காகிதம் சுற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பிழை என்னுடையது. எலிக்கூண்டு என்றால் யாருக்கும் அதுதான் தோன்றும். எனக்கு வேண்டியது எலியைப் பிடிக்கிற கூண்டு அல்ல. எலி குடியிருக்கிற கூண்டு. அவர் நலம் என்று எழுதியதும் சரியில்லை.

அவர் வேலை செய்த ஆராய்ச்சிக்கூடத்தை ஏப்ரலில் மூடிவிட்டார்கள். அங்கே எலி வளர்க்கிற பகுதியை எல்லாரும் 'எலி வீடு' என்பார்கள். தீனி, தண்ணீர், கூண்டு கழுவுவது எல்லாம் இவர் பொறுப்பு. கடைசி நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பை அசைந்தது. உள்ளே டப்பா இல்லை. இரண்டு பெண் எலிகள். ஒன்று முழு வெள்ளை. இன்னொன்றுக்கு உடம்பு வெள்ளை, தலையும் தோளும் மட்டும் கறுப்பு, முக்காடு போட்டதுபோல. "இது என்ன?" என்றேன். "ரெண்டு" என்றார். அவ்வளவுதான் பதில்.

அன்றிலிருந்து வேலை தேடவில்லை. யாராவது வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறார். கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அத்தை கேட்டார்களே, சாப்பாட்டைத் தட்டில் பாதி வைக்கிறார், அந்தப் பாதி அலமாரிக்குப் போகிறது. ஆமாம், துணி அலமாரியின் கீழ்த் தட்டில்தான் அவை இருக்கின்றன. என் சால்வை சல்லடையாகிவிட்டது. அவற்றிடம் மட்டும் வாய்க்குள் ஏதோ சொல்கிறார். நான் போனால் நிறுத்திவிடுகிறார்.

நல்ல கூண்டாக ஒன்று வாங்கி வைத்தால் வீடும் வீடாக இருக்கும், அவரும் தேறுவார் என்று நினைத்தேன். முதலில் கிளிக் கூண்டு வாங்கினேன். கம்பிக்கு நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் வெள்ளை என் செருப்புக்குள் இருந்தது. பிறகு மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி. இரண்டும் தும்மத் தொடங்கின. "மூச்சு முட்டிச் சாகட்டும்னு வாங்கினியா?" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மூன்றாவது, முயல் விற்கிறவரிடம் வாங்கியது. அதன் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்துவிட்டு வந்தார்.

"அப்ப எதுதான் வேணும்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியல" என்றார். அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் மாமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.


ஜூன் 27

மருமகளுக்கு, (இப்படிப் போட்டால்தான் எழுதுவேன் என்றேன். அத்தை.)

உன் கடிதத்தை இவள் இரண்டு முறை படித்துக் காட்டினாள். இரண்டு முறையும் எனக்கு விளங்கவில்லை. எலியை வளர்ப்பதா? ஊரே அதை ஒழிக்கிறதற்கு மருந்து தேடுகிறது, இவன் அதற்குச் சோறு வைக்கிறானா?

அவனுக்கும் எனக்கும் எதில் வந்தது தெரியுமா? அந்த வேலையில்தான். "இங்க உனக்கு ஒரு பட்டறையே இருக்கு, அங்க என்னடா இருக்கு?" என்று கேட்டேன். "இரும்பு நம்மளத் திரும்பிப் பாக்காதுப்பா. எலி பாக்கும்" என்றான். அப்படியானால் அதுங்களோடவே குடும்பம் நடத்து, இந்தப் பக்கம் வராதே என்றேன். சொன்னது சொன்னதுதான். அதில் மாற்றமில்லை.

கூண்டு வேறு விஷயம். வேலை என்று வந்தபிறகு தட்டக்கூடாது. பாங்குக்குக் கேட் செய்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு மாடிப்படிக் கைப்பிடி செய்திருக்கிறேன். எலிக்கு வீடு செய்ததில்லை. கேட்டவர்களிடம் முயல் கூண்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் வாயைத் திறக்காதே.

எலி எவ்வளவு நீளம்? வாலோடு சொல்கிறாயா, வாலை விட்டுவிட்டா? ஏறுமா, குதிக்குமா? பல்லுக்கு எத்தனை கனக் கம்பி தாங்கும்? நீ பல் வேலைதானே பார்க்கிறாய், உனக்குத் தெரியவேண்டும். குறை சொல்லத் தெரிந்தவனுக்கு எது வேண்டும் என்று சொல்ல வராது. சின்னதிலேயே அப்படித்தான். சட்டை எடுக்கப் போனால் கடைக்காரன் மொத்தத்தையும் விரித்துப் போடுவான்; இவன் ஒன்றையும் தொடாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவான்.


ஜூலை 5

மாமாவுக்கு,

நான் கட்டுவது மனிதப் பல், மாமா. அதற்கும் எலிப் பல்லுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் அளந்தேன். தையல் டேப்பை நீட்டினால் முக்காடு அதைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒருவழியாகப் பிடித்தது இவ்வளவுதான்: உடம்பு என் முழு உள்ளங்கையும் விரலும் சேர்ந்த நீளம். வால் கிட்டத்தட்ட அதே அளவு. வாலுக்குத் தனியாக இடம் விடவேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றதை அவரிடமிருந்தே தந்திரமாக வாங்கினேன். "எங்க கூடத்துல ஒருத்தி எலி வளர்க்க ஆசைப்படறா. கூண்டு எப்படி இருக்கணும்னு கேட்டா என்ன சொல்றது?" என்றேன். அவர் சுவரைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். இத்தனை மாதத்தில் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. அப்படியே எழுதுகிறேன்.

"சுண்டுவிரல் போற இடைவெளிக்கு மேல கூடாது. தல போச்சுன்னா உடம்பும் போயிடும். தரை கம்பியா இருந்தா பாதம் புண்ணாகும், தகடு வேணும். மேல காகிதத் துணுக்கு போடணும். மரம் வேணாம், மூத்திரத்தக் குடிச்சு நாறும். நாலா பக்கமும் காத்து வரணும். அகலம் மட்டும் பத்தாது, உயரமும் வேணும், அதுங்க ஏறணும். ஆனா தட்டுக்குத் தட்டு ரொம்ப விட்டா விழுந்து கால ஒடிச்சுக்கும். ஒண்ண மட்டும் தனியா வெக்கவே கூடாது, ஏங்கிப் போயிடும். கதவு பெருசா இருக்கணும். ரெண்டு கையையும் விட்டு, அடியில தாங்கி எடுக்கணும். மேலேர்ந்து ஒரு கையால தூக்கினா பயந்துடும். அதுங்களுக்கு நம்ம கைன்னா..."

அங்கே நிறுத்திவிட்டார். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் அவரோடு வேலை செய்த பெண் வந்தாள், அவர் அங்கே விட்டுவந்த குடையைக் கொடுக்க. வழக்கம்போல அவர் குளியலறைக்குள் போய்விட்டார். அவள் வாசலிலேயே நின்று மெல்லச் சொன்னாள்: "அக்கா, கடைசி வாரம் எல்லா எலியையும் கொன்னு முடிச்சிடணும்னு உத்தரவு. பெரியவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. தெரியாத ஆள் வந்து தொட்டா அதுங்க பயப்படும்னு இவரே செஞ்சாரு. ஒவ்வொண்ணா. எங்க யாரையும் உள்ள விடல."

மாமா, எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்வதா, தெரியாததுபோல் நடமாடுவதா? குடையை மூலையில் வைத்திருக்கிறேன். இன்னும் அவர் அதைத் தொடவில்லை.


ஜூலை 24

அம்மாடி,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை மறுநாள்தான் படித்தாள்.

அவ்வளவு நடந்தும் ஏன் இங்கே வரவில்லை? நான் வராதே என்றேன், சரி. பள்ளிக்கூடம் போ என்றால் போகமாட்டான். பட்டறைக்கு வா என்றால் வரமாட்டான். பிறந்ததிலிருந்து என் பேச்சு எதையும் கேட்காதவன், இந்த ஒரு பேச்சை மட்டும் ஏன் கேட்டான்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கோபம் அந்த ஆட்கள்மேலா, அவன்மேலா, வேறெதன்மேலா என்று தெரியாமலே கம்பியை வளைத்தேன். கூண்டு கொஞ்சம் கனமாக வந்திருந்தால் அதுதான் காரணம்.

லாரியில் ஏற்றிவிட்டேன். மூன்று தட்டு. தகட்டுத் தரை. முன்பக்கம் கொடி டிசைன் போட்டிருக்கிறேன், மொட்டையாக விட மனசு வரவில்லை. பச்சை எனாமல் இரண்டு கோட்டு. நல்ல திண்டுக்கல் பூட்டு ஒன்றும் மாட்டியிருக்கிறேன், திருடன் கடப்பாரையோடு வந்தாலும் அசையாது. இடைவெளியை விரல் வைத்தே பார்த்தேன். வாலுக்கென்று தனி இடம் விடவில்லை, அது பின்னாலேயே வரட்டும்.

யார் செய்தது என்று சொல்லாதே. கடையில் வாங்கியதாகச் சொல்.


ஆகஸ்ட் 2

மாமாவுக்கு,

கூண்டு வந்தது. லாரிக்காரர்கள் நாலு பேர் தூக்கினார்கள். எங்கள் வாசலுக்குள் நுழையவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நிற்கிறது. மேல்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பரவால்லயே, லிஃப்ட் போடறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். கடையில் வாங்கினேன் என்று நான் ஆரம்பித்தேன். கம்பி முனைகளை நத்தை ஓடுபோல் சுருட்டியிருந்தீர்களே, அதில் ஒன்றை விரலால் தொட்டார். "எங்க அப்பா" என்றார். பொய்யை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

உள்ளே போய் இரண்டையும் எடுத்துவந்து கூண்டுக்குள் விட்டு, பூட்டையும் பூட்டினார். முக்காடு ஒரு சுற்றுச் சுற்றியது. உங்கள் கொடி டிசைன் வழியாக வெளியே வந்து அவர் மடியில் ஏறியது. பின்னாலேயே வெள்ளை. பூட்டு பூட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் படியில் உட்கார்ந்து சிரித்தார் மாமா. ஏப்ரலுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் எப்போது அழத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்மேல் கோபம். "அவர்கிட்டப் போய் ஏன் நின்ன?" என்று கேட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. நான் செய்தது நல்லதா கெட்டதா என்று நானே குழம்பிப்போனேன். மூன்றாம் நாள் பார்த்தால், மாடிப்படியில் கூண்டோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பற்றவைப்பாகத் தடவுகிறார்.

"இது அப்பாவோட வெல்டிங் இல்ல," என்றார். "அவரு ஓட்டினா நூல் பிடிச்ச மாதிரி ஓடும். இது கட்டி கட்டியா நிக்குது. சேர வேண்டிய எடத்த விட்டுட்டுப் பக்கத்துல வெச்சிருக்காரு. அவருக்குக் கண்ணு தெரியல."

மாமா, உங்கள் கண்ணுக்கு என்ன?


ஆகஸ்ட் 9

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

வெல்டிங் ராடு மட்டமான ராடு. அன்றைக்குக் கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. (கரண்ட் நன்றாகத்தான் இருந்தது.) சுண்டுவிரலை வைத்துத்தான் பார்த்தேன். (கட்டைவிரலை வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.) சம்பளத்துக்கு இருக்கிற ஆள் கடைசியில் பற்றவைத்தான், அவனைத் திட்டியிருக்கிறேன். (அந்த ஆள் நின்று ஒரு வருஷமாகிறது.)

எலியோடு எலியாகக் கிடந்தவன் என் வெல்டிங்கில் குறை கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்.

(கையில் கரி என்று சொன்னது சும்மா அம்மா, கண் தெரியாமல்தான் என்னை எழுதச் சொல்கிறார். எனக்குச் சொல்லக்கூட அவருக்கு மனசு வரவில்லை. டேப்பில் கோட்டைத் தடவித்தான் அளக்கிறார். போன மாதம் ஒரு கேட்டுக்குப் பிடியைப் பக்கம் மாற்றி வைத்துக் கொடுத்தார், வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால் இன்றைக்கு வேலை இருக்கிறது என்கிறார். வேலை இல்லை. என்ன எழுதுகிறாய் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார். முகவரி எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.)


ஆகஸ்ட் 16

மாமாவுக்கு, அத்தைக்கு,

அத்தை எழுதியதை அவரிடம் காட்டிவிட்டேன். மறைத்து மறைத்து எனக்கே எது யாருக்குத் தெரியும் என்று மறந்துபோய்விட்டது. படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கையில் பையோடு நிற்கிறார். "பட்டறைக்குப் போறேன். கூண்டத் திருத்தணும்" என்றார். "கூண்டு இங்க இருக்கே" என்றேன். "ஆமா" என்றார். குளியலறையைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர் பஸ் ஏறிப் போய்விட்டார். கூண்டு மாடிப்படியில் இருக்கிறது. எதைத் திருத்தப் போயிருக்கிறார்?

அவர் அங்கே வந்து சேர்ந்தாரா? வந்தால் உள்ளே விட்டீர்களா? என்னை விட்டுப் போயிருக்கிறாரா, உங்களைப் பார்க்கப் போயிருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எலிகளை என்னிடம் விட்டிருக்கிறார், அதனால் திரும்பி வருவார் என்று ஒரு மனம் சொல்கிறது. எலிகளையே விட்டுவிட்டுப் போனாரே என்று இன்னொரு மனம் கேட்கிறது.

வெள்ளைக்கு வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது. நேற்றுவரை அவர்தான் தடவிப் பார்ப்பார். இன்று நான் பார்த்தேன். பெரிதாகியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.


ஆகஸ்ட் 30

அம்மாடி,

பதில் தாமதம். இங்கே பல காரியம் நடந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். வெளிச்சம் பின்னால் இருந்தது. எனக்கு ஒரு உருவம்தான் தெரிந்தது. "வாங்க சார், கேட்டா, ஜன்னலா?" என்று கேட்டேன். அங்கேயே நின்றான். "அளவு கொண்டு வந்திருக்கீங்களா?" என்றேன். அந்த ஆள் கிட்ட வந்து, "எலிக்கூண்டு" என்றான்.

குரலைக் கேட்டபிறகும் நான் உடனே நம்பவில்லை. கையை நீட்டினேன். திட்டத்தான் நீட்டினேன் என்று நினைக்கிறேன். அவன் தோள்மேல் பட்டது. மெலிந்திருக்கிறான். உன் அத்தை உள்ளேயிருந்து வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் கண்ணுக்கு நேரே கையை ஆட்டி, "இது எத்தன விரல்?" என்றான். "உன் கையில அஞ்சுதான் இருக்கும், ஆறா இருக்கப்போகுது?" என்றேன். மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். புரை முற்றிவிட்டதாம். இடது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. வலது பிறகு. இப்போது ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். அவன் புதுக் கூண்டு ஒன்றைப் பற்றவைக்கிறான், நான் பிடித்துக்கொள்கிறேன். இவ்வளவு நாளாகத் தொடாதவனுக்குக் கை மறக்கவில்லை. வலைக்கம்பி வாங்கிவந்திருக்கிறான். பெயின்ட் கூடாதாம், கடித்தால் வயிற்றுக்குள் போகுமாம். கொடி டிசைனும் கூடாதாம்.

ஆனால் முடிக்கமாட்டேன் என்கிறான். கதவைப் பொருத்துகிறான், பிறகு அறுத்து எடுக்கிறான். இந்தப் பக்கம் வைக்கிறான், மறுபடி அறுக்கிறான். "எப்படா வீட்டுக்குப் போவ?" என்றேன். "கதவு முடிஞ்சதும்" என்றான். இப்படியே போனால் அது இந்த ஜென்மத்தில் முடியாது.

அந்தக் கடைசி வாரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும், வேலைக்கு நடுவில், "அப்பா, என் கைய நம்பி வந்துதுங்க" என்றான். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.


செப்டம்பர் 6

மாமாவுக்கு,

வெள்ளை போய்விட்டது. நேற்று முழுவதும் என் மடியில்தான் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் முக்காடு அதன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் சுவரோரமாகப் புதைத்தேன். வேலைக்குப் போகவில்லை. எலி செத்ததற்கு விடுப்பு என்று சொல்ல முடியாமல், பல் வலி என்று சொன்னேன். பல் கட்டுகிறவளுக்கே பல் வலியா என்று கேட்டார்கள்.

முக்காடு அலமாரிக்கும் மேசைக்குமாக ஓடி ஓடித் தேடுகிறது. சாப்பிடவில்லை. ஒன்றைத் தனியாக வைக்கக்கூடாது என்று அவர் சொன்னது காதிலேயே ஒலித்தது. யாரிடமும் கேட்காமல், பிராணிகள் விற்கிற கடைக்குப் போய் ஒரு சின்ன எலியை வாங்கிவந்தேன். பழுப்பு நிறம். பெண் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். முக்காடு அதைப் பார்த்ததும் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கடிக்கப் போனது. இப்போது ஒன்று அலமாரியில், ஒன்று வாளியில். இரண்டும் என்னைப் பார்க்கின்றன. நான் செய்தது சரியா?

அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சொன்னால் உடைந்துபோவாரோ என்று பயம். சொல்லாமல் மறைத்தால், அவரில்லாத இடத்தில் இன்னொரு சாவும் நடந்ததை ஒளித்தவளாவேன். எனக்கு யோசிக்க வரவில்லை, மாமா. கதவு முடியாவிட்டாலும் அவரை அனுப்புங்கள்.


செப்டம்பர் 14

அம்மாடி,

கட்டு அவிழ்த்துவிட்டார்கள். இது நானே எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் அது கண் அல்ல, பழக்கம் விட்டுப்போனது.

சொல்லிவிட்டேன். வெல்டிங் ராடைக் கீழே வைத்தான். தரையில் உட்கார்ந்தான். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். பிறகு, "யாரு மடியில இருந்துது?" என்றான். உன் மடியில் என்றேன். தலையை ஆட்டினான். அதன்பிறகு கேட்டது, "சின்னது எவ்வளவு பெருசு?" பெரியதற்கு வைத்த இடைவெளி சின்னதற்கு ஆகாதாம், தலை போய்விடுமாம். வலை முழுவதையும் பிரித்துவிட்டு இன்னும் நெருக்கமானதைப் போட்டான். கதவை ஒரே தடவையில் பொருத்தினான். நான் பார்த்தேன், என் கண்ணாலேயே பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

காலைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூண்டைத் தனியாளாகத் தூக்கலாம். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான்.


செப்டம்பர் 25

மாமாவுக்கு, அத்தைக்கு,

வந்து சேர்ந்தார். கூண்டு வாசலுக்குள் நுழைந்தது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் வைத்திருக்கிறோம்.

முதலில் கூண்டில் எதையும் விடவில்லை. கட்டிலில் துணியை விரித்து, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் பழகட்டும் என்று இரண்டையும் தினமும் கொஞ்ச நேரம் விட்டார். முக்காடு சின்னதைக் குப்புறத் தள்ளியது. சின்னது கீச்சிட்டது. நான் கையை நீட்டினேன். "விடு, ரத்தம் வராதவரைக்கும் அது பேச்சுதான்" என்றார். ஒருநாள் பார்த்தால் முக்காடு அதன் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் கூண்டுக்கு மாற்றலாம் என்றார். காகிதத் துணுக்குகளைப் பரப்பினார். தண்ணீர் வைத்தார். முக்காட்டை இரண்டு கையாலும் தாங்கி எடுத்துக்கொண்டு போனவர் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். கை உள்ளே போகவில்லை. வெளியேயும் வரவில்லை. எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. "நீ விடு" என்றார். நான் வாங்கி உள்ளே விட்டேன். சின்னதையும் விட்டேன். அவை தட்டுத் தட்டாக ஏறிப்போயின. "கொக்கியப் போடாத" என்றார். போடவில்லை. கதவு திறந்தே கிடந்தது. அவை வெளியே வந்தன, உள்ளே போயின, மறுபடி வந்தன. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் சொன்னார், மாமா. முதலிலிருந்து, எதையும் விடாமல். எந்த வரிசையில் செய்தார், எந்தக் கூண்டின்முன் முடியாமல் நின்றார், கடைசிக் கூண்டில் இருந்த இரண்டை ஏன் பைக்குள் போட்டார் என்று. எனக்கு முன்பே தெரியும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்ததாக நான் நினைத்திருந்தது ஒன்றுமே இல்லை என்று கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. முடித்ததும் எழுந்துபோய்க் கொக்கியைப் போட்டார். திறந்தார். மறுபடி போட்டார். பிறகு முகம் கழுவப் போனார். குளியலறைக் கதவைச் சாத்தவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நேற்று வேலை கேட்டு ஒரு இடத்துக்குப் போனார், பாதி வழியில் திரும்பிவந்துவிட்டார். இன்று மறுபடி கிளம்பியிருக்கிறார். பச்சைக் கூண்டை மேல்வீட்டுக்காரர் தன் ரோஜாத் தொட்டிகளுக்குக் கேட்டார். தரமாட்டேன் என்று இவர் சண்டை போட்டார். ஏன் என்று கேட்டால், "அது அப்பா செஞ்சது" என்கிறார். அது இன்னும் மாடிப்படியில்தான் நிற்கிறது. எல்லாரும் இடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் வலது கண் ஆபரேஷன் அன்று நாங்கள் இருவரும் வருகிறோம். உங்களை நான் பார்த்ததில்லை, நீங்களும் என்னைப் பார்த்ததில்லை. கட்டுப் போடும் முன்பே வந்துவிடுகிறோம். ஒரே ஒரு குழப்பம். முக்காட்டையும் சின்னதையும் இங்கே யாரை நம்பி விட்டுவருவது என்று தெரியவில்லை. அவர் உங்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறார், அதனால் நான் கேட்கிறேன். கூடவே எடுத்துக்கொண்டு வரலாமா? அத்தையிடமும் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் மருமகள்